சிப்பி இல்லாத மணல்

கனகேஸ்வரி சொதியை இறக்கி வைத்துத் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருமுவது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டு ஆகியிருக்காது. ஜெலுத்தோங் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் அந்நேரத்துக்கு யாரும் வருவதில்லை. வெயில் பலகைச் சுவர்களை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆரெண்டு ஒருக்காப் பாருங்கோ."

அக்கா செல்வநாயகி முன்னறையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு தங்கையோடு வந்து இருப்பவள். யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"ஆரோ சோனகர். மீன்காரனாக்கும். வேண்டாமெண்டு சொல்லு."

கனகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த ஆள் படியில் ஏறவில்லை, தெருவிலேயே நின்றான். நாற்பது வயதிருக்கும், அகன்ற உடம்பு. தலைமயிரில் மணல், புருவத்தில் மணல், தாடியில் மணல். கைலி முழங்கால் வரை நனைந்திருந்தது. விரல் நகங்களைச் சுற்றி இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஒரு கையில் குடையும் மறு கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றும் வைத்திருந்தான்.

"சிவகுருநாதன் ஐயா வீடு இதானேம்மா?"

"ஓம். அவர் இல்லை. கந்தோருக்குப் போட்டார். நாளைக்கு வாருங்கோ."

"ஆபீசுக்குப் போகலம்மா." அவன் குடையைப் படியில் சாய்த்து வைத்தான். "மணலுக்குப் போனாரு."

"என்ன மணல்?"

"காலேஜு புள்ளைங்க குதிச்சுப் பழகுற குழிக்கும்மா. தஞ்சோங் தோக்கோங் கடக்கரையில மணல் வெட்டிக்கிட்டிருந்தோம். கரை சரிஞ்சிருச்சு. மேல நின்ன தென்னமரத்தோட சரிஞ்சிருச்சு."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பாவம், யாரோ ஒரு கூலிக்காரனுக்கு ஏதோ நடந்துவிட்டது. இவன் வீடு மாறி வந்திருக்கிறான்.

"நீங்கள் வேறை ஆரையோ தேடி வந்திருக்கிறியள். எங்கட அவர் துறைமுகக் கந்தோரிலை எழுத்துவேலை. மண் வெட்டுற ஆள் இல்லை."

அவன் துண்டைப் பிரித்தான். உள்ளே ஒரு சோடி கறுத்தச் சப்பாத்து. ஒரு பொட்டு மண் இல்லை. வலது சப்பாத்துக்குள் இரண்டு காலுறைகளும் ஒன்றுக்குள் ஒன்றாக உருட்டிச் செருகியிருந்தன. அப்படி உருட்டி வைக்கிற மனிதர் இந்த ஊரில் ஒருவர்தான். குடையும் அவள் காலையில் எடுத்துக் கொடுத்த குடை.

அக்காதான் கேட்டாள்.

"உயிர் இருக்கோ?"

"இருக்கும்மா. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. காலுதான்..." அவன் தெருமுனையைக் காட்டினான். "ரிக்‌ஷா நிக்குதும்மா. வாங்க."

*

சீனன் இழுத்த ரிக்‌ஷாவில் இரண்டு பெண்களும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சப்பாத்து கனகேஸ்வரியின் மடியில் இருந்தது. அந்த மனிதன் பக்கத்தில் ஓடி வந்தான். பெயர் நாகூர் மீரான், தொங்கானில் தண்டல் என்று ஓடிக்கொண்டே சொன்னான். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றி வரும் பெரிய படகு தொங்கான். தண்டல் அதற்குத் தலைவன்.

கனகேஸ்வரி நாட்களை எண்ணினாள். ஐந்து ஞாயிறு. ஐந்து ஞாயிறும் அவர் சொன்னது ஒன்றே: "ஞாயிற்றுக்கிழமையிலையும் கப்பல் வருகுது, என்ன செய்யிறது." அவளும் புட்டு அவித்துக் கட்டிக் கொடுத்தாள். அந்த வருஷம், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டில், துறைமுகத்துக்குக் கப்பல் வரத்துப் பாதியாகிவிட்டது. ரப்பர் விலை விழுந்துவிட்டது என்று கோயிலில் ஆம்பிளைகள் வேறு பேச்சுப் பேசுவதில்லை. சும்மா கிடக்கும் தொங்கான்களை அவளே கடற்கரையில் பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஞாயிறு வரும் கப்பலை அவள் நம்பினாள். பின்னேரம் நாலு மணிக்கு வந்து, வீட்டுக்குள் வராமல், நேரே கிணற்றடியில் குளிப்பார். எவ்வளவு சுத்தமான மனிசன் என்று அக்காவிடம் சொன்னாள். கிணற்றடி வாய்க்காலில் மணல் கிடந்ததற்குப் பால்காரனை ஏசினாள்.

"சோனகரோடையும் கூலியாக்களோடையும் சேந்து மண் சுமந்தவரோ?" அக்கா முணுமுணுத்தாள். "விசரோ இந்த மனிசனுக்கு?"

ஆஸ்பத்திரி விறாந்தைக்கு வெளியே புல்லில் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். எல்லோர் மேலும் அதே மணல். வாங்கு காலியாக இருந்தது, ஒருவரும் அதில் உட்காரவில்லை. அவளைக் கண்டதும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். ஒருவன் தலைப்பாகையை அவிழ்த்து நெஞ்சில் பிடித்துக்கொண்டு அழுதான். பழனியப்பன், மாட்டுவண்டிக்காரன் என்று பிறகு தெரிந்தது. யாரென்றே தெரியாத ஒருவன் தன் புருஷனுக்காக அழுவதைப் பார்த்ததும் அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் விநாசித்தம்பி வெளியே வந்தார். கோயிலில் காண்கிற ஊர்க்காரர்.

"தங்கச்சி, இஞ்சை வாரும். பயப்பிடாமல் கேளும். மரம் வலதுகாலிலை விழுந்திட்டுது. முழங்காலுக்குக் கீழை எலும்பு நொருங்கிப்போச்சு. மண்ணும் உள்ளுக்கை போயிட்டுது. காலை விட்டு வைச்சால் நஞ்சேறி ஆளே போயிடும் எண்டு டொக்டர் துரை சொல்லுறார்."

"அப்ப?"

"எடுக்கவேணும்."

"எதை?"

விநாசித்தம்பி தன் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அவளுக்கு விளங்க இரண்டு மூன்று மூச்சு எடுத்தது.

"அவருக்கு நினைவில்லை. நீர்தான் கையெழுத்து வைக்கவேணும்."

அக்கா குறுக்கே வந்தாள். "பொறுங்கோ. தைப்பிங்கிலை இவற்றை தமையன் இருக்கிறார். தந்தி அடிப்பம். ஆம்பிளை ஒராள் வந்து சொல்லட்டும். பொம்பிளை கையெழுத்து வைச்சுப் புருஷன்ரை காலை வெட்டினாள் எண்டு சனம் கதைக்கும்."

"அவர் நாளைக்குத்தான் வருவார், அக்கா. துரை அஞ்சு மணிவரைதான் பொறுத்துப் பாப்பார்," என்றார் விநாசித்தம்பி.

அவளை உள்ளே விட்டார்கள். சிவகுருநாதன் கண்மூடிக் கிடந்தார். யாரோ ஒருவரின் கட்டம் போட்ட கைலி இடுப்பில் இருந்தது. பதினாறு வருஷத்தில் வேட்டியும் கால்சட்டையும் தவிர வேறு எதிலும் அவரை அவள் கண்டதில்லை. உதட்டோரத்தில் மணல். சேலைத் தலைப்பால் துடைத்தாள். கையை எடுத்துப் பிடித்தவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. மைக்கறை மட்டுமே அவள் அறிந்த கை. தினமும் இந்தக் கைக்குத்தான் சோறு போட்டிருக்கிறாள், ஒரு நாளும் பார்க்கவில்லை.

*

வெளியே வந்து நாகூர் மீரானுக்கு முன்னால் நின்றாள். அந்நிய ஆம்பிளையோடு அவள் நின்று கதைத்தது அதுதான் முதல் தடவை.

"நடந்ததைச் சொல்லுங்கோ. முதலிலையிருந்து சொல்லுங்கோ."

"காலேஜு மாஸ்டரு ஒரு நோட்டீசு ஒட்டியிருந்தாரும்மா. குதிக்கிற டீமுக்கு மணக்குழி இல்ல, புள்ளைங்க கட்டாந்தரையில விழுந்து ஒருத்தனுக்குத் தோள் எலும்பு போச்சு. கட்டக் காசு இல்ல, கையால உதவி செய்யிறவங்க வாங்கன்னு. ஐயா அதை ஆபீசுக்குக் கொண்டாந்து சன்னல்ல எனக்குப் படிச்சுக் காட்டுனாரு. உம்மட ஆக்கள் ஞாயித்துக்கெழம என்ன செய்யினம்னாரு. சும்மாதான் கெடக்கோம்யா, வேலை எங்க இருக்குன்னேன்."

"அவருக்கு அங்கை என்ன வேலை?"

"எல்லாமே அவருதாம்மா. குழி இருபத்தஞ்சு அடி நீளம், பத்தடி அகலம். மூணடி வெட்டுனா களிமண்ணு, தண்ணி ஊறுது. அடியில ஜல்லி போடாட்டி மழைக்குக் குளமாப் போயிரும்னு அவருதான் சொன்னாரு. மாஸ்டருக்கே தெரியல. நாங்க வெட்ட, பழனியப்பன் வண்டி கட்ட, காலேஜு புள்ளைங்களும் கூடை தூக்குனானுங்க. ஐயா முதல் நாளு ரெண்டு கூடைக்கே கை கொப்புளிச்சுப் போச்சு. விட மாட்டேனுட்டாரு லா. என் கைலியத்தான் கட்டிக்கிட்டு இறங்குவாரு. மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து திம்போம். உங்க புட்டைப் பிச்சுப் பிச்சு எல்லாருக்கும் குடுப்பாரு."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை," என்றாள்.

"வீட்டுல சொன்னீங்களான்னு நான் கேட்டேம்மா. சொன்னா, குடை பிடிச்சுக்கொண்டு மண் வெட்டச் சொல்லுவா எண்டு சிரிச்சாரு."

அக்காவுக்கு அது கேட்டது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இண்டைக்கு?"

"மேல் மணல் ஒரு வண்டிதான் பாக்கி. கடலோர மணல்ல சிப்பி இருக்கும்மா. புள்ளைங்க உள்ளங்காலைக் கிழிச்சிரும். ஐயா உள்ளங்கையில தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்ப்பாரு. சிப்பி இல்லாத மணலு கரைமேட்டுக்கு உள்ள, அடியிலதான் கெடக்கு. அதைத்தான் தோண்டித் தோண்டி எடுத்தோம். மேல மரம் சாஞ்சு நிக்குதுய்யா, வெளியில வாங்கன்னேன். ஒரே ஒரு கூடைன்னாரு." நாகூர் மீரான் தன் கைகளைப் பார்த்தான். "சத்தமே இல்லம்மா. அரிசி கொட்டுன மாதிரி இறங்குச்சு. திரும்பிப் பார்த்தா ஐயா நின்ன இடத்துல ஆளில்ல. மண்வெட்டி போட்டா மேல பட்டுரும்னு எல்லாரும் கையாலயே தோண்டுனோம்."

விறாந்தை மணிக்கூடு மூன்றரையைக் காட்டியது.

"இந்த வயசிலை பெடியளுக்கு மணல் சுமக்க அவருக்கு என்ன வந்தது? எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, அந்தக் கொலிஜ்ஜிலை படிக்க."

அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். பழனியப்பன்தான், "சொல்லுங்க அண்ணே" என்றான்.

"அவரும் குதிப்பாரும்மா."

"ஆர்?"

"ஐயா. போன ஞாயித்துக்கெழம குழி முக்கால்வாசி நெறஞ்சிச்சு. குதிச்சுப் பாருங்கடான்னு மாஸ்டரு சொன்னாரு. புள்ளைங்க நீ போ நீ போன்னு நிக்கிறானுங்க. ஐயா கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தக் கோடிக்குப் போனாரு. நாங்க சிரிச்சோம்மா. நாப்பது வயசாச்சே. அங்கேருந்து ஓடி வந்தாரு பாருங்க... அப்புறம் ஒருத்தனும் சிரிக்கல. யாழ்ப்பாணத்துல படிக்கிறப்ப அவருதான் காலேஜுக்கே ஃபர்ஸ்ட்டாம். உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. கடிதத்தில் பேசி முடித்த கலியாணம். கப்பலில் வந்து இறங்கியபோது அவர் குடையோடு நின்ற ஒரு கந்தோர் லிகிதர். எத்தனாம் வகுப்பு, எவ்வளவு சம்பளம், எந்தக் குடும்பம் என்று எல்லாம் விசாரித்தார்கள். பாய்வாரா என்று யாரும் கேட்கவில்லை.

"எந்தக் காலை ஊண்டிப் பாஞ்சவர்?"

நாகூர் மீரானுக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுந்து, புல்லில் இரண்டு எட்டு ஓடிப் பார்த்து, நின்றான்.

"வலது காலும்மா," என்றான் மெல்ல.

கனகேஸ்வரி உள்ளே போனாள். விநாசித்தம்பி நீட்டிய பேனாவால் தமிழில் பெயர் எழுதினாள். 'ஸ்வ' எழுதும்போது பேனா கடதாசியைக் கிழித்தது. அக்கா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தந்தியைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

மூன்றாம் நாள் சிவகுருநாதனுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. போர்வை வலப்பக்கத்தில் பாதியிலேயே தட்டையாகிப் போவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான் கையெழுத்து வைச்சனான்," என்றாள் கனகேஸ்வரி. வேறு ஆள் சொல்லி அவர் கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அன்றிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பார். துரை கேட்டால் தலையாட்டுவார். செய்தி கேட்டுத் தைப்பிங்கிலிருந்து வந்த அவருடைய தமையன் இரண்டு நாள் பக்கத்தில் இருந்துவிட்டு, "விதி" என்று சொல்லிப் போனார். அவரிடமும் பேசவில்லை. எட்டு நாள் அப்படிப் போயிற்று. ஒவ்வொரு நாளும் அவள் அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மழை தொடங்கிவிட்டது. நாகூர் மீரானின் பெண்சாதி நூர்ஜான் வெந்தயம் போட்ட கஞ்சியைத் தூக்குச்சட்டியில் அனுப்பிக்கொண்டிருந்தாள். முதல் நாள் செல்வநாயகி அதைத் தொடவில்லை. நாலாம் நாள் அவளே தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்து, "தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட. மற்றும்படி நல்லாத்தான் காய்ச்சியிருக்கிறாள்" என்றாள்.

பதினொராம் நாள் நாகூர் மீரான் விறாந்தையில் கனகேஸ்வரியைக் கூப்பிட்டான்.

"அம்மா, பழனியப்பனும் நாங்களும் குழியை ரொப்பிட்டோம். வேற இடத்து மணலு, சல்லடை போட்டு எடுத்தோம். வர்ற சனிக்கெழம போட்டி. ஆனா புள்ளைங்க அதுல இறங்க மாட்டேங்கிறானுங்க."

"ஏன்?"

"ஐயா காலைக் குடுத்த குழியில எப்படிக் குதிக்கிறதுன்னு. மாஸ்டரு சொல்லிப் பார்த்துட்டாரு. ஐயா ஒரு வார்த்தை சொன்னா இறங்குவோம்கிறானுங்க. ஐயாதான் வாயைத் திறக்க மாட்டேங்கிறாரே லா."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"என்னை ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ."

மழை விட்டிருந்தது. கல்லூரித் திடலின் ஓரத்தில், அங்சனா மரங்களுக்கு அப்பால், அந்தக் குழி ஈரத்தில் பழுப்பாகக் கிடந்தது. சுற்றிலும் பலகை அடித்திருந்தார்கள். தூரத்தில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் கட்டாந்தரையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சேலை கட்டிய பெண் ஒருத்தி வருவதைக் கண்டு நின்றுவிட்டார்கள்.

"இவ்வளவுதானோ?" என்றாள். ஒரு காலை விலையாக வாங்கிய குழி இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"இவ்வளவுதாம்மா."

"அவர் எங்கையிருந்து பாஞ்சவர்?"

நாகூர் மீரான் புதைத்திருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினான். பிறகு குழியின் ஓரமாக நடந்து போனான், போய்க்கொண்டே இருந்தான். ஓரிடத்தில் புல்லுக்குள் அடித்திருந்த ஒரு முளையைக் காலால் தட்டினான்.

"இங்க வந்து விழுந்தாரு. பழனியப்பன் அன்னிக்கே முளை அடிச்சு வச்சுட்டான்."

அவள் பலகையையும் முளையையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் இருந்த வெளி அவளுடைய வீட்டு முன்னறையைவிட நீளம். அந்த முன்னறையில் பேப்பரை எடுக்க எழும்பவே இடுப்பைப் பிடிப்பார்.

"பொய் சொல்லாதையுங்கோ."

"அல்லா மேல ஆணைம்மா. எல்லாரும் பார்த்தோம்."

கனகேஸ்வரி செருப்பைக் கழற்றினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைப் பலகையில் குதிக்காலை வைத்து, அதன் முன்னால் மற்றக் காலை ஒட்டி வைத்தாள். ஒன்று. இரண்டு. ஐந்தாவதில் மணலுக்குள் இறங்கினாள். ஈரமணல் அவளுடைய பாதத்தை வாங்கி வைத்துக்கொண்டது. சிப்பி குத்தவில்லை. மாணவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாகூர் மீரான் வேறு எங்கோ பார்த்தான்.  இருபத்திரண்டாவது பாதம் முளைக்கு நேரே வந்து நின்றது.

அங்கேயே நின்றாள். திரும்பித் தன் காலடிகளைப் பார்த்தாள். அவ்வளவு வெளியையும் அவர் தரையைத் தொடாமல் கடந்திருக்கிறார்.

*

அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது செல்வநாயகி கட்டிலருகில் விசிறிக்கொண்டிருந்தாள். தங்கையின் பாதங்களில் மணலைக் கண்டு விசிறியை நிறுத்தினாள்.

கனகேஸ்வரி உட்காரவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்த பிடரியிடம் சொன்னாள்:

"இருபத்திரண்டு பாதம். என்ரை காலாலை அளந்தனான்."

அசைவில்லை.

"பலகையிலையிருந்து முளை மட்டும். இருபத்திரண்டு."

 பிறகு அந்தத் தலை மெல்லத் திரும்பியது. தாடி வளர்ந்து, கண் உள்ளே போன முகம். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தது. மணல் ஒட்டியிருந்த விரல்களை வெகுநேரம் பார்த்தது.

"பதினாறரை அடி," என்றார் சிவகுருநாதன். பதினொரு நாள் பாவிக்காத குரல், கரகரத்தது. "மாஸ்டர் நாடா பிடிச்சவர்."

"ஓம்."

"முதல்நாள் மழை. ஓடுற பாதை ஈரம். இல்லாட்டிப் பதினேழு போயிருக்கும்."

செல்வநாயகி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். கனகேஸ்வரி கட்டிலுக்கு இன்னும் கிட்ட வந்தாள். 

"பெடியள் இறங்க மாட்டம் எண்டு நிக்கினம். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லவேணுமாம்."

அவர் கண்ணை மூடினார். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாரோ என்று அவள் பயந்தாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. காய்ப்பு விழுந்த கை போர்வை மேல் மெல்ல நகர்ந்து வந்து அவளுடைய கையைத் தேடிப் பிடித்தது.

"உந்த மழைக்கு மணல் இறுகிப்போயிருக்கும்," என்றார். "நல்லாக் கிளறிப்போட்டு இறங்கச் சொல்லும்."